ஓடைப்பட்டி பேரூராட்சி

ஓடைப்பட்டி, தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில் உள்ள ஒரு பேரூராட்சி ஆகும். கம்பம் சட்டமன்றத் தொகுதிக்கும் தேனி மக்களவைத் தொகுதிக்கும் உட்பட்டது. மதுரை மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்த இந்த ஊர், 1996இல் தேனி தனி மாவட்டமாக அறிவிக்கப்பட்டபோது அதில் சேர்ந்தது.

நில அமைப்பு

கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கில் மேற்குத் தொடர்ச்சி மலையும், கிழக்கில் மேகமலை – வருசநாட்டு மலைகளும் உள்ளன. இடையே ஓடும் முல்லைப் பெரியாற்றின் தண்ணீரால் லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. ஓடைப்பட்டி ஆற்றை ஒட்டிய வயல்வெளி ஊர் அன்று. சின்னமனூருக்குக் கிழக்கே, மேகமலையின் அடிவாரத்தை நோக்கி அமைந்துள்ளது. இங்கு வேளாண்மை பெரிதும் கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பியே நடக்கிறது. நெல்லைவிடத் தோட்டப் பயிர்களே இத்தகைய நிலத்துக்குப் பொருந்தும். பந்தல் போட்டு வளர்க்கப்படும் விதையில்லாத் திராட்சையால்தான் ஊரின் பெயர் வெளியூர்களில் தெரிந்தது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை விதையுள்ள கறுப்பு வகை. இரண்டையும் ஒன்றாகக் கருதக் கூடாது.

ஊராட்சியா, நகரமா?

தேனி மாவட்டத்தில் 6 நகராட்சிகள், 22 பேரூராட்சிகள், 130 ஊராட்சிகள் உள்ளன. பேரூராட்சி சட்டப்படி நகர்ப்புற உள்ளாட்சி அமைப்பு. ஆனால் ஓடைப்பட்டியில் வாழ்க்கை தோட்டத்தையும் ஆடுமாட்டையும் சுற்றியே இருக்கிறது. மலைமேல் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஹைவேவிஸும் இதே வகையில் ஒரு பேரூராட்சிதான் என்பதைப் பார்த்தால், இந்தப் பெயரை வைத்து ஊரின் தன்மையை அறிய முடியாது என்பது விளங்கும்.

வகைப்பாட்டால் பணமும் வேலையும் மாறுகின்றன. 2004இல் தமிழக அரசு 561 பேரூராட்சிகளைச் சிறப்பு ஊராட்சிகளாக மாற்றியது. மத்திய அரசின் ஊரக வளர்ச்சி நிதியைப் பெறுவது இதன் நோக்கம். 2006இல் அவை மீண்டும் பேரூராட்சிகள் ஆயின. அதே ஆண்டில் நடைமுறைக்கு வந்த நூறு நாள் வேலைத் திட்டம் ஊராட்சிப் பகுதிகளுக்கே உரியதாக அமைந்தது. இதனால் பக்கத்து ஊராட்சியில் உள்ள கூலித் தொழிலாளிக்குக் கிடைத்த வேலை, எல்லைக்கு இப்பால் அதே கூலிக்குத் தோட்டத்தில் உழைப்பவருக்குக் கிடைக்கவில்லை. நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டத்தைத் தமிழக அரசு பின்னர் தொடங்கியபோதும், அது தேர்ந்தெடுத்த இடங்களிலேயே நடந்தது. கிராம சபையும் பேரூராட்சிக்கு இல்லை. நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் 2022 நவம்பரில்தான் தொடங்கின.

அமெரிக்காவின் ஊரக டவுன்ஷிப்புகளோடு ஒப்பிடலாம். 1785ஆம் ஆண்டின் நிலச் சட்டம் 6 மைல் நீள அகலச் சதுரங்களாக நிலத்தை அளந்தது. மத்திய மேற்கு மாநிலங்கள் பலவற்றில் அந்தச் சதுரமே பின்னர் உள்ளாட்சி எல்லையானது. அங்கு அளவுகோல் வைத்துக் கோடு போட்டார்கள். இங்கு எல்லை வருவாய்க் கிராமத்தைப் பின்பற்ற, தகுதியை மக்கள்தொகையும் ஆண்டு வருமானமும் முடிவு செய்கின்றன.

நிர்வாகம்

வார்டு உறுப்பினர்களை வாக்காளர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கின்றனர்; 2022 தேர்தலில் தலைவரை அந்த உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தனர். இடங்களில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. அன்றாடப் பணிகளைச் செயல் அலுவலர் கவனிக்கிறார். மேலே பேரூராட்சிகளின் உதவி இயக்குநரும், சென்னையில் இயக்குநரும் உள்ளனர். குடிநீர், தெருவிளக்கு, குப்பை அகற்றுதல், கட்டட அனுமதி ஆகியவை பேரூராட்சியின் பணிகள். பட்டாவும் நிலவரியும் கிராம நிர்வாக அலுவலரிடம் இருப்பதால் தோட்டக்காரர் இரண்டு அலுவலகங்களுக்கும் போக வேண்டியிருக்கிறது. வருமானம் சொத்து வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், உரிமக் கட்டணம் ஆகியவற்றிலிருந்து வருகிறது; பெரிய கடைவீதி இல்லாத ஊர்களில் இது போதாமல் மாநில நிதிக்குழு மானியமே கைகொடுக்கிறது.

2016இல் நடந்திருக்க வேண்டிய நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழகப் பேரூராட்சிகளைத் தனி அலுவலர்களே நடத்தினர். அக்காலத்தில் குழாயில் தண்ணீர் வராவிட்டால் கேட்பதற்கு வார்டு உறுப்பினர் என்று ஒருவர் இருக்கவில்லை.