அண்டை வீடும் நமது பாதுகாப்பும்

தோட்டங்களில் மக்களைச் சந்திக்கும்போதெல்லாம் பெற்றோர் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மகன் பட்டணத்தில் வேலைக்குப் போகிறான். பழைய கிள்ளான் சாலைப் பக்கம் வீடு பார்த்திருக்கிறான். கம்போங் மேடான் என்றால் பயமாக இருக்கிறது, ஐயா. அங்கே குடியிருக்கலாமா?" என்பதே அக்கேள்வி. கதவைத் தாழிடாமல் பால்மரம் வெட்டச் சென்று பழகிய லயத்து மக்களுக்கு இவ்வச்சம் எழுவது இயல்பே. எனினும், ஓர் இடத்தின் பெயரைக் கேட்டு அஞ்சுவதைவிட, அவ்விடத்தின் வரலாற்றை அறிந்து நடந்துகொள்வதே அறிவுடைமையாகும்.

கம்போங் மேடானில் நிகழ்ந்தது என்ன?

கம்போங் மேடான், சிலாங்கூர் மாநிலத்தில், பெட்டாலிங் ஜெயாவின் தென்பகுதியில் அமைந்துள்ளது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், வீடமைப்புக்கும் தொழிற்சாலைக்கும் விற்கப்பட்டும் போனபோது, வேலையுடன் வீட்டையும் இழந்த நம்மவர் பலர் கிள்ளான் பள்ளத்தாக்கின் புறம்போக்கு நிலங்களில் குடியேறினர். கிராமப்புறங்களிலிருந்து பிழைப்பு நாடி வந்த மலாய்க்காரர்களும், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்களும் அவ்வாறே குடியேறினர். நெருக்கமான வீடுகள், குறுகிய பாதைகள், குறைந்த வருமானம், நிலையற்ற குடியிருப்பு ஆகியவை அனைவருக்கும் பொதுவாயிருந்தன. ஆனால் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் வாய்ப்புத்தான் குறைவாயிருந்தது.

2001-ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் இப்பகுதியில் ஒரு தகராறு மூண்டது. திருமண வீடும் துக்க வீடும் அருகருகே அமைந்த இடத்தில் அது தொடங்கியதாகப் பரவலாகக் கூறப்பட்டது. சில நாள்களில் அது இன மோதலாக உருவெடுத்துப் பக்கத்துக் குடியிருப்புகளுக்கும் பரவியது. மார்ச் 8-ஆம் நாள் அதன் கொடுமை உச்சத்தை அடைந்தது. ஆறு பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஐவர் இந்தியர், ஒருவர் இந்தோனேசியர். பலர் படுகாயமுற்றனர். நூற்றுக்கு மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். வேலை முடிந்து வீடு திரும்பிய அப்பாவிகளும் வழியில் தாக்கப்பட்டனர். 1969-ஆம் ஆண்டு மே 13-க்குப் பின்னர் தீபகற்பம் கண்ட மிக மோசமான இன மோதல் இதுவெனக் கருதப்படுகின்றது. பிழைப்புக்காகச் சென்ற ஏழைகளே இதில் மாண்டனர் என்பதை நாம் மறத்தலாகாது.

வதந்தி செய்த கேடு

"உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது" என்பர். ஒரு தெருவில் நடந்த சண்டை, அடுத்த தெருவை அடையும்போது படுகொலையாகிவிடுகின்றது. பயந்தவன் தடியை எடுக்கிறான். அவன் கையில் தடியைக் கண்டவன் கத்தியை எடுக்கிறான். இருவருமே தற்காப்புக்கென்றே எடுத்ததாகக் கூறுவர். அந்நாளில் வாய்மொழியும் தொலைபேசியும் வதந்தியைச் சுமந்தன. இந்நாளிலோ கைத்தொலைபேசி அதனை ஒரு நொடியில் நாடெங்கும் சேர்த்துவிடுகின்றது. ஆகவே, கண்ணால் காணாத செய்தியைப் பிறருக்கு அனுப்பாதிருப்பதே நாம் செய்யக்கூடிய முதல் பாதுகாப்புப் பணியாகும்.

குற்ற எண்ணிக்கையை நோக்கும் முறை

அரச மலேசியப் போலீஸ் படை, கொலை, கொள்ளை, காயம் விளைவித்தல் போன்ற வன்முறைக் குற்றங்களையும், வீடு புகுந்து திருடுதல், வாகனத் திருட்டு போன்ற உடைமைக் குற்றங்களையும் 'குறியீட்டுக் குற்றம்' எனக் கணக்கிடுகின்றது. 2009-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் இவை 2 இலட்சத்தைத் தாண்டின. 2020-க்குப் பிந்திய ஆண்டுகளில் 1 இலட்சத்துக்கும் கீழே இறங்கின.

எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஓர் ஊரை எடைபோடுதல் தவறு. 40,000 பேர் வாழும் ஒரு வட்டாரத்தில் ஓராண்டில் 80 குற்றங்களும், 5,000 பேர் வாழும் மற்றொன்றில் 15 குற்றங்களும் நிகழ்ந்தன என்று வைத்துக்கொள்வோம். முன்னதில் 1 இலட்சம் பேருக்கு 200, பின்னதில் 300. எண்ணிக்கையில் சிறியதே விகிதத்தில் பெரியதாயிற்று. மேலும், புகார் செய்யப்படாத குற்றம் எந்தக் கணக்கிலும் இடம்பெறுவதில்லை. "போலீசுக்குப் போனால் அலைச்சல்" என்று நாம் வாளாவிருந்தால், நமது வட்டாரம் ஏட்டில் அமைதியாகத் தோன்றும். கூடுதல் காவலும் நம்மை நாடி வாராது.

நாம் செய்யத்தக்கவை

ஆபத்து வேளையில் 999 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். குற்றம் நேர்ந்தால் அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் புகார் செய்ய வேண்டும். எழுதப்பட்டதை வாசித்துக் காட்டச் சொல்லி, சரியாயிருப்பின் கையொப்பமிட்டு, நகலைப் பத்திரப்படுத்துதல் நலம். விசாரணை எந்நிலையில் உள்ளது என்று கேட்டறியவும் புகார்தாரருக்கு உரிமை உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107அ பிரிவு அதனை வழங்குகின்றது.

1975-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ருக்குன் தெத்தாங்கா திட்டம் முதலில் இரவு ரோந்தையே முதன்மையாகக் கொண்டிருந்தது. நாளடைவில் அண்டை அயலாரிடையே நல்லுறவை வளர்க்கும் அமைப்பாக அது விரிந்தது. 2012-ஆம் ஆண்டின் ருக்குன் தெத்தாங்கா சட்டம் அதற்கு உறுதியான அடிப்படை அளித்தது. புதிதாகக் குடியேறுவோர் அவ்வட்டாரக் குழுவைத் தேடிச் சென்று பெயரைப் பதிந்துகொள்ளுதல் நன்று. இந்தியர் மட்டுமே கூடும் குழுவாக அது அமைந்துவிடலாகாது. திருமணக் கூடாரம் பாதையை மறைக்கும்போதும், துக்க வீட்டுக்குக் கூட்டம் திரளும்போதும், பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைக்கும் பழக்கம் அங்குத்தான் பிறக்கும்.

தொடக்கத்தில் கேட்ட பெற்றோருக்கு நாம் கூறுவது இதுதான்: மகனைத் தாராளமாக அனுப்புங்கள். ஆனால் வழியனுப்பும்போது, "கதவைப் பூட்டிக்கொள்" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். "முதல் வாரத்திலேயே இடப்பக்க வீட்டாரையும் வலப்பக்க வீட்டாரையும் பார்த்துப் பெயரைக் கேட்டுக்கொள், அவர் எவ்வினத்தவராயினும் சரி" என்றும் சொல்லி அனுப்புங்கள். பெயர் தெரிந்தவர்மீது கல்லெறியக் கை எளிதில் எழாது. இரவில் கூக்குரல் கேட்டாலும் முதலில் ஓடி வருபவர் அவராகவே இருப்பார்.