நெல்லுக்கும் நெல்லுக்கும் நடுவில்

தைக் கடைசியில் சம்பாக் கதிர் பழுத்து, வயல் மெழுகுப் பதத்துக்கு வந்திருக்கும். அறுப்புக்கு இன்னும் ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே அப்பா உளுந்து தெளிக்க இறங்கிவிடுவார். அரிவாளோடு ஆட்கள் வரும்போது உளுந்து முளைத்து, தாளுக்கடியில் இரண்டு இலை விட்டிருக்கும். அதை மிதித்துக்கொண்டேதான் அறுப்பார்கள். வெறுங்கால் மிதி செடியை ஒன்றும் செய்யாது.

மன்னார்குடிப் பக்கத்து எங்கள் ஊரில் எழுபதுகளில் பார்த்தது இது. அப்போதே யூரியா வந்துவிட்டது. 1960இல் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு நாட்டில் முதலில் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. ஏ.டி.டி. 27 ரகமும் மூட்டை உரமும் வீடு தேடி வந்தன. ஆகவே, அன்று எல்லாம் இயற்கை, இன்று எல்லாம் ரசாயனம் என்று பிரித்துப் பேசுவது எங்கள் ஊருக்குப் பொருந்தாது. நெல்லுக்கு என்ன போட்டோம் என்பதைவிட, ஒரு நெல்லுக்கும் அடுத்த நெல்லுக்கும் நடுவில் வயலை என்ன செய்தோம் என்பதில்தான் பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. மண்ணிலிருக்கும் நுண்ணுயிர்கள் சாப்பிட்டதும் பட்டினி கிடந்ததும் அந்த மாதங்களில்தான்.

ஐந்து மாதம் தண்ணீர் கட்டிய நெல் வயலில் மேலே சில மில்லிமீட்டர் மண்ணுக்குத்தான் காற்று கிடைக்கும். அதற்குக் கீழே காற்றில்லாமல் வாழத் தெரிந்த உயிர்களின் ராஜ்யம். சேற்றில் காலை அழுத்தினால் குமிழி குமிழியாகக் கிளம்புமே, அது பெரும்பாலும் அவை உண்டாக்கிய மீத்தேன். நெற்பயிர் தண்டு வழியாகக் காற்றை வேருக்கு இறக்கிக் கொஞ்சம் கசியவிடும். பிடுங்கிய நாற்றின் வேரில் துருநிறம் ஏறியிருப்பது அதனால்தான். அந்த நூலளவு இடத்தில் வேறு கூட்டம் குடியிருக்கும். மேலே தண்ணீரில் நீலப்பச்சைப் பாசி. அது காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்து வயலுக்குத் தருகிறது என்று பி.கே. டே 1939லேயே எழுதிவிட்டார். யூரியாவைத் தண்ணீரில் விசிறினால் பாசி அந்த வேலையைக் குறைத்துக்கொள்ளும். பக்கத்தில் கிடைக்கிறபோது பாடுபட்டுச் செய்வானேன்!

தண்ணீர் வடிந்து உளுந்து வேர்விட்டதும் ராஜ்யம் மாறும். மண் வெடித்துக் காற்று உள்ளே போகும். பூக்கும் பருவத்தில் ஒரு செடியைப் பிடுங்கினால் வேரில் கடுகு கடுகாக முடிச்சுகள் இருக்கும். நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. நம் ரத்தச் சிவப்புக்கு உறவான ஒரு பொருள்தான் அந்த நிறத்தைத் தருகிறது. உள்ளே இருக்கும் பாக்டீரியாவுக்குச் செடி சர்க்கரை கொடுக்கிறது, பாக்டீரியா தழைச்சத்து கொடுக்கிறது. முடிச்சோடு கொடுக்கல் வாங்கல் முடிந்துவிடுவதில்லை. எந்தச் செடியும் தான் சமைத்ததில் ஒரு பங்கை வேர் வழியாக மண்ணில் விடும். உளுந்து விடுவது ஒன்று, நெல் விடுவது ஒன்று. அதற்கேற்பத்தான் வேரைச் சுற்றிக் கூட்டம் சேரும்.

உளுந்து பிடுங்கியதும் பங்குனியில் ராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். எந்த வயலில் எத்தனை ராத்திரி கிடை என்று திண்ணையில் பேரம் நடக்கும். ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம் என்பார்கள். இந்தச் சொலவடைக்குள் நுண்ணுயிர்க் கணக்கு ஒன்று இருக்கிறது. ஆட்டுப் புழுக்கையிலும் மூத்திரத்திலும் தழைச்சத்து அதிகம், சக்கை குறைவு. நுண்ணுயிர்கள் தின்றதுபோக மிச்சம் உடனே பயிருக்கு வரும். வைக்கோல் சக்கை கலந்த மாட்டு எருவில் அவை முதலில் தழைச்சத்தைத் தங்கள் உடம்புக்கு எடுத்துக்கொள்ளும், செத்து மடிந்த பிறகுதான் விடும். கிடை போடாத மேட்டு வயலில் கொழிஞ்சி தானாக முளைத்துக் கிடக்கும். மாடு அதைக் கடிக்காது. குறுவை உழவில் மடக்கி உழுவார்கள்.

இன்று அறுப்புக்குப் பெல்ட் மிஷின் வருகிறது. அதன் பாரத்தில் உளுந்து முளை சேற்றோடு அமுங்கிவிடும். பின்னாலேயே வைக்கோல் கட்டும் மிஷின் வந்து தாளைச் சுருட்டிக்கொண்டு போகிறது. ஆள் கிடைக்காத ஊரில் மிஷினைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மாசியிலிருந்து ஆனி வரை வயல் வெறுமனே வெயிலில் கிடக்கிறது. வேரும் இல்லை, சாணியும் இல்லை. போர்வெல் உள்ள இடத்தில் கோடையிலும் நெல்தான், மண் காய்வதே இல்லை. பிலிப்பைன்ஸில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஒரே வயலில் வருஷத்துக்கு மூன்று நெல் போட்டுப் பல பத்தாண்டுகள் கவனித்தது. விளைச்சல் சரிந்தது. மண்ணைச் சோதித்தால் மொத்தத் தழைச்சத்து குறையவில்லை, காற்றில்லாச் சேற்றில் மக்கும் வேலை மந்தப்பட்டு அது பயிருக்குக் கிடைக்காமல் போயிருந்தது. கொத்துச் சாவி தொலைந்த களஞ்சியம் மாதிரி.

இந்த நிலத்துக்குத்தான் அசோஸ்பைரில்லம் என்ற நுண்ணுயிர் உரப் பொட்டலம் வாங்கிப் போடுகிறோம். நல்ல பொருள், நானும் போடுகிறேன். ஆனால் அடுப்பெரியாத வீட்டுக்கு விருந்தாளியை அனுப்பினால் எத்தனை நாள் தங்குவார்? கோயம்புத்தூரில் 1909 முதல் நடக்கும் நிரந்தர எருச் சோதனையில், தொழு உரம் பெற்றுவந்த பாத்திகளில் அங்ககக் கரிமமும் நுண்ணுயிர்களும் கூடுதலாக இருக்கின்றன. அங்கே வருஷா வருஷம் உலை வைத்திருக்கிறார்கள்.

எனக்குத் தெம்பு தந்த செய்தி இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையிலிருந்து வந்தது. அங்கே ஒரு நிலத்தில் ஐம்பது வருஷம் ஒரு செடிகூட வளரவிடாமல் உழுதே வைத்திருந்தார்கள். நுண்ணுயிர்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது. வகைகளோ அந்த அளவுக்கு அழியவில்லை. பசியோடு, கொஞ்சம் கொஞ்சமாக, பெரும்பாலும் அங்கேயே இருந்தன. அப்படியென்றால் எங்கள் வயலிலும் இருக்கும்.

2024-25 வேளாண் நிதிநிலை அறிக்கையில் வந்த ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் பசுந்தாள் உர விதை தருகிறார்கள். கோடை மழையில் தக்கைப்பூண்டு தெளித்து, நாற்பத்தைந்து நாளில் பூக்கும்போது மடக்கி உழுதால் குறுவைக்கு முன் ஒரு வேளைச் சாப்பாடு. இரண்டு வருஷமாகச் செய்கிறேன். இந்தத் தையில் இரண்டு மா நிலத்தை மட்டும் மிஷினுக்கு விடாமல் ஆள் வைத்து அறுத்தேன், உளுந்துக்காக. கூலி கட்டுபடியாகவில்லை என்பது உண்மை. முளை தப்பியது.

போன வாரம் கீதாரிக்குப் போன் போட்டேன். “பங்குனி பத்துக்கு மேல வாறேன்யா. நாலு ராத்திரிதான், அதுக்கு மேல கேக்காதீக” என்றார்.