மர்ஹூம் அஷ்ரப்: வெட்டுப்புள்ளியைத் தகர்த்த சட்டத்தரணி

சிறுபான்மைச் சமூகங்களின் பாராளுமன்றப் பலம் வாக்காளர் தொகையால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. அவ்வாக்குகளை ஆசனங்களாக மாற்றும் சட்ட விதிகளும் அதனைத் தீர்மானிக்கின்றன. இவ்வுண்மையைத் தெளிவாக உணர்ந்து செயற்பட்டவர் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப்.

1948 ஒக்டோபர் 23ஆம் திகதி சம்மாந்துறையில் பிறந்து கல்முனையில் வளர்ந்த அவர், சட்டத்தரணியாகத் தொழில்புரிந்தவாறே அரசியலில் பிரவேசித்தார். 1977 பொதுத் தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணிக்காக மேடையேறினார். ஆனால், கூட்டணியின் சின்னத்தில் போட்டியிட்ட முஸ்லிம் வேட்பாளர்களில் எவரும் வெற்றிபெறவில்லை. 1981இல் காத்தான்குடியில் ஆரம்பிக்கப்பட்ட ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ், 1986இல் அவரது தலைமையில் அரசியல் கட்சியாக உருவெடுத்தது. 1988 வடக்கு கிழக்கு மாகாணசபைத் தேர்தலில் அக்கட்சி 17 ஆசனங்களைப் பெற்றது.

எனினும், பாராளுமன்றத்தின் வாயிலில் தடையொன்று இருந்தது. 1978 அரசியலமைப்பின்படி, ஒரு மாவட்டத்தில் 12.5 சதவீதத்துக்குக் குறைவான வாக்குகளைப் பெறும் கட்சி ஆசனப் பங்கீட்டிலிருந்தே விலக்கப்பட்டது. செல்லுபடியான வாக்குகள் ஒரு இலட்சமாயின், 12,499 வாக்குகளைப் பெற்ற கட்சியும் வெறுங்கையுடன் திரும்ப வேண்டியதே. 1988 ஜனாதிபதித் தேர்தலில் பிரேமதாசவுக்கு ஆதரவளிப்பதற்கான நிபந்தனையாக இத்தடையின் தளர்வை அஷ்ரப் முன்வைத்தார் என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. அவ்வாண்டு டிசம்பரில் நிறைவேறிய 15ஆவது திருத்தம் வெட்டுப்புள்ளியை 5 சதவீதமாகக் குறைத்தது. அதன் பயன் முஸ்லிம்களுக்கு மாத்திரம் உரியதன்று. தமிழ், மலையகக் கட்சிகளும், தெற்கின் சிறிய கட்சிகளும் எஞ்சிய வாக்குகளின் மூலம் ஆசனம் பெற அது வழிவிட்டது.

1989இல் திகாமடுல்ல மாவட்டத்திலிருந்து அஷ்ரப் பாராளுமன்றம் சென்றார். 1994இல் 105 ஆசனங்களைப் பெற்ற பொதுஜன ஐக்கிய முன்னணி ஆட்சியமைக்க, முஸ்லிம் காங்கிரஸின் 7 ஆசனங்கள் இன்றியமையாதவையாயின. கப்பற்றுறை, துறைமுகங்கள், புனர்வாழ்வு, புனரமைப்பு அமைச்சராக அவர் பதவியேற்றார். 1995இல் உருவான தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி, 1996இல் முழுமையான பல்கலைக்கழகமாயிற்று. அமைச்சுப் பதவியை ஆதரவாளர்களுக்கு வேலைவாய்ப்பு வழங்கும் கருவியாக்கினார் என்ற விமர்சனமும் அவர்மீது உண்டு. 'நான் எனும் நீ' கவிதைத் தொகுதியைத் தந்த கவிஞராகவும் அவர் விளங்கினார்.

2000 செப்டெம்பர் 16ஆம் திகதி அரநாயக்க மலைப்பகுதியில் ஹெலிகொப்டர் விபத்தில் அவர் காலமானார். அவர் கட்டியெழுப்பிய கட்சி பின்னர் பல கூறுகளாகப் பிளவுண்டது. 2020இன் ஆரம்பத்தில், வெட்டுப்புள்ளியை மீண்டும் 12.5 சதவீதமாக உயர்த்தக் கோரும் தனிநபர் சட்டமூலம் ஒன்று முன்வைக்கப்பட்டது. அது சட்டமாகவில்லை. ஆயினும், பெற்ற உரிமை நிலையானதல்ல என்பதை அது உணர்த்திற்று. அதனைக் காக்கும் கடமை தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானது. கட்சி வேறுபாடுகள் அதற்குக் குறுக்கே நிற்கலாகாது.