உங்களுக்குத் தெரியுமா? ஆர்கெஸ்ட்ராவுக்குப் படியளப்பது யார்?

● லண்டனின் ராயல் பில்ஹார்மானிக் நமக்குப் பழகிய பெயர்தான். 1993இல் இளையராஜா தன் சிம்பொனியை அவர்களோடுதான் பதிவு செய்தார். அந்தக் குழுவை 1946இல் தொடங்கியவர் தாமஸ் பீச்சம். அவருடைய தாத்தா எதில் சம்பாதித்தார் தெரியுமா? பேதி மாத்திரையில்! ‘பீச்சம்ஸ் பில்ஸ்’ அன்றைய இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு பிரபலம். பேரன் இளவயதில் ஆர்கெஸ்ட்ரா, ஓபரா என்று துணிந்து இறங்கியது அந்த மாத்திரைக் காசை நம்பித்தான்.

● பீத்தோவனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. நெப்போலியனின் தம்பி ஜெரோம் தன் அரசவைக்குக் கூப்பிட்டார். பதறிப்போன வியன்னா பிரபுக்கள் மூன்று பேர், ஊரை விட்டுப் போகாமல் இருந்தால் ஆண்டுக்கு 4,000 புளோரின் தருவதாக 1809இல் எழுதியே கொடுத்தார்கள். கின்ஸ்கி 1,800, ஆர்ச்டியூக் ருடால்ஃப் 1,500, லோப்கோவிட்ஸ் 700. இனி கவலை இல்லை என்று மனிதர் நினைத்திருப்பார். 1811இல் ஆஸ்திரியா நாணய மதிப்பை வெட்டியது. அடுத்த ஆண்டு கின்ஸ்கி குதிரையிலிருந்து விழுந்து செத்துப்போனார். லோப்கோவிட்ஸ் கடனில் மூழ்கிக் கைவிரித்தார். கடைசியில் கின்ஸ்கியின் வாரிசுகளோடு வழக்காடித்தான் பாக்கியை வாங்க முடிந்தது. பத்திரத்தில் எழுதிக் கொடுத்த பணத்துக்கே இந்தக் கதி.

● சைகோவ்ஸ்கிக்கு ஆண்டுக்கு 6,000 ரூபிள் கொடுத்து வந்தவர் நாதெழ்தா ஃபான் மெக் என்ற பணக்கார விதவை. ஒரே நிபந்தனை: நேரில் சந்திக்கக் கூடாது. கடிதம் மட்டும் மூட்டை மூட்டையாக எழுதிக்கொண்டார்கள். 1890இல் பணமும் நின்றது, கடிதமும் நின்றது.

● பெர்லின் பில்ஹார்மானிக் பிறந்ததற்கு ஒரு காரணம் ரயில் டிக்கெட். வார்சா கச்சேரிக்கு முதலாளி பில்சே நாலாம் வகுப்பில் அழைத்துப்போகப் பார்த்தார். 54 கலைஞர்கள் பிய்த்துக்கொண்டு வந்து 1882இல் சொந்தக் குழு தொடங்கினார்கள்.

● பாஸ்டன் சிம்பொனியை 1881இல் தொடங்கிய ஹென்றி லீ ஹிக்கின்சன், 1918 வரை ஒவ்வோர் ஆண்டும் விழுந்த துண்டைத் தன் கைக்காசில் அடைத்தார். டிக்கெட் விற்றே செலவு முழுவதையும் தேற்றிவிடலாம் என்ற மயக்கம் அந்த வங்கியாளருக்கு ஆரம்பத்திலிருந்தே இல்லை.

● ஏன் தேறாது? 1966இல் பாமோல், போவன் என்ற பொருளாதார அறிஞர்கள் புத்தகமே போட்டு விளக்கினார்கள். துணி மில்லில் இயந்திரம் வந்தால் பத்துப் பேர் வேலையை ஒருவர் பார்ப்பார். பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனிக்கு 1824இல் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது, இன்றும் அப்படித்தான். வயலின்காரர்களில் பாதிப்பேரைக் குறைத்துவிட்டு இரண்டு மடங்கு வேகத்தில் வாசிக்கச் சொல்ல முடியாது. ஆனால் வாடகையும் விலைவாசியும் மற்றவர்களுக்கு ஏறுகிற மாதிரிதான் அவர்களுக்கும் ஏறும்; சம்பளத்தையும் ஏற்றித்தான் ஆக வேண்டும். ஹால் நிறைந்தாலும் துண்டு விழுவது இதனால்தான். எல்லாவற்றுக்கும் நிர்வாகக் கோளாறு என்று சொல்லிவிட முடியாது.

● வியன்னா பில்ஹார்மானிக் கலைஞர்கள் சிலர் தோளில் வைத்து வாசிக்கும் பழைய வயலின்கள் ஆஸ்திரியாவின் மத்திய வங்கிக்குச் சொந்தம். இரவலாகக் கொடுத்திருக்கிறார்கள்.

● 2011 ஏப்ரலில் பிலடெல்பியா ஆர்கெஸ்ட்ரா திவால் மனு போட்டது. அமெரிக்காவின் பெரிய ஆர்கெஸ்ட்ராக்களில் இப்படிக் கோர்ட் படியேறியது அதுவே முதல்முறை. வேடிக்கை என்னவென்றால், அப்போது அவர்களின் நிதியத்தில் 14 கோடி டாலர் போல இருந்தது! அதில் பெரும்பகுதி நன்கொடையாளர்கள் நிபந்தனை போட்டுக் கொடுத்தது. இஷ்டத்துக்கு எடுத்துச் சம்பளம் போட முடியாது. ஓராண்டுக்கு மேல் கழித்துத்தான் திவாலிலிருந்து மீண்டார்கள்.

● மினசோட்டா கதை இன்னும் கசப்பு. பணமில்லை, சம்பளத்தைப் பெருமளவு வெட்டுகிறோம் என்றது நிர்வாகம். கலைஞர்கள் மறுத்தார்கள். 2012 அக்டோபரில் கதவடைப்பு. அதே சமயம் அரங்கத்தை 5 கோடி டாலரில் புதுப்பிக்கும் வேலை ஜோராக நடந்துகொண்டிருந்தது. புது வரவேற்பறை பளபளத்தது, உள்ளே வாசிக்கத்தான் ஆளில்லை. கட்டடத்துக்குக் கொடுப்பவர்கள் சம்பளத்துக்குக் கொடுக்க யோசிப்பார்கள். சுவரில் பெயர் பொறிக்கலாம், இரண்டாம் வரிசை வயோலாக்காரர் வீட்டு மளிகை பில்லில் பொறிக்க முடியுமா? கோயில் ட்யூப்லைட்டில் வெளிச்சம் மறைய ‘உபயம்’ எழுதுகிற நமக்கு இது புரியாதா என்ன!

கலைஞர்கள் சும்மா இருக்கவில்லை. தாங்களே கச்சேரி ஏற்பாடு செய்து வாசித்தார்கள். இசை நடத்துநர் ஓஸ்மோ வான்ஸ்கா 2013 அக்டோபரில் ராஜினாமா செய்தார். 2014 ஜனவரியில் ஒருவழியாக உடன்பாடு வந்தது, சம்பளத்தில் 15 சதவீத வெட்டோடு. முன்பு பதிவு செய்திருந்த சிபேலியஸ் சிம்பொனிகளுக்கு அதே மாதம் கிராமி விருது கிடைத்தது. அடுத்த சில மாதங்களில் வான்ஸ்காவும் பழைய வேலைக்கே திரும்பிவிட்டார்.