கேள்வி கேட்கும் பிள்ளை எப்படிக் கற்கிறது?

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் கூலாய், குளுவாங், சிகாமட் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்கள், விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போய்விடுவார்கள். அந்த வேலைக்கு ஏன் அவ்வளவு அவசரம்?

காரணம் மரத்துக்குள் இருக்கிறது. இரவில் இலைகள் வழியாக அதிகம் நீர் வெளியேறாது. அதனால் பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் கூடியிருக்கும்; உளி பட்டதும் பால் தாராளமாக வடியும். வெயில் ஏற ஏற அழுத்தம் குறையும், மங்கில், அதாவது பால் பிடிக்கும் கிண்ணத்தில், விழும் பாலும் குறையும். வெட்டு இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழாகச் சரிவதற்கும் காரணம் உண்டு. பால்குழாய்கள் சற்றே சாய்ந்து மேலேறுகின்றன. அப்படி வெட்டினால் கூடுதலான குழாய்கள் அறுபடும்.

இந்த வெட்டு முறையே ஒருவருடைய ஆர்வத்தில் பிறந்ததுதான். 1877இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888இல் அங்குள்ள தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்துக்குக் கேடில்லாமல் பால் எடுக்க வழி தேடினார். பழைய வெட்டின் விளிம்பையே மெல்லியதாகச் சீவினால் பால் மீண்டும் வடியும், பட்டையும் திரும்ப வளரும் என்று சோதித்துக் கண்டார். ரப்பர் பயிரிடுங்கள் என்று அவர் ஓயாமல் சொன்னதால் ‘கிறுக்கு ரிட்லி’ என்ற பெயரும் கிடைத்தது. பிறகு ஜொகூர் எங்கும் ரப்பர்த் தோட்டங்கள் பரவின. தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் முன்னோர் அவற்றில் உழைத்தார்கள். அவர்களுக்கு வேலை கற்றுத்தரப்பட்டது. காரணத்தைச் சொல்லித்தர யாரும் மெனக்கெடவில்லை. அந்தக் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்காவது கிடைக்க வேண்டும்.

ஆர்வம் படிப்புக்கு எப்படி உதவுகிறது?

அமெரிக்காவில் மத்தியாஸ் குரூபர் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்குகிறது. பங்கேற்றவர்கள் விடையை அறியத் துடித்த கேள்விகளின் பதில்கள் அவர்கள் மனத்தில் நன்றாக நின்றன. அது மட்டுமல்ல, விடைக்காகக் காத்திருந்தபோது காட்டப்பட்ட, கேள்விக்குத் தொடர்பே இல்லாத முகங்களும் கூடுதலாக நினைவில் இருந்தன. ஆர்வம் எழும்போது மூளை எதையும் பதித்துக்கொள்ளத் தயாராகிவிடுகிறது. ஆகவே பாடத்தைத் தொடங்கும் முன் ஒரு நல்ல கேள்வியைப் போடுவது வீண்வேலை அல்ல.

வீட்டில் ஆர்வத்தை எப்படி வளர்ப்பது?

விடையைச் சொல்வதற்கு முன் பிள்ளையை ஊகிக்க விடுங்கள். ஊகத்தைச் சோதிக்க வழி காட்டுங்கள். ஓர் எடுத்துக்காட்டு: ஜொகூர் பாருவில் நண்பகல் எத்தனை மணிக்கு? பன்னிரண்டு என்றுதான் பிள்ளை சொல்லும். திடலில் ஒரு குச்சியை நேராக நட்டு, பன்னிரண்டு மணி முதல் இரண்டு மணி வரை நிழலின் நுனியில் அவ்வப்போது ஒரு கல்லை வைக்கச் சொல்லுங்கள். நிழல் மிகக் குறுகும் நேரமே உண்மையான நண்பகல்; அது ஒரு மணியை ஒட்டித்தான் வரும்.

ஏன்? 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்தி, சபா, சரவாக்கின் நேரத்தோடு இணைந்தது. கடிகாரம் கிழக்கின் நேரத்தைக் காட்டுகிறது. சூரியன் நம் ஊரின் நேரப்படி நடக்கிறது. இங்கே ஏழு மணியளவில்தான் விடிவதற்கும் காரணம் அதுவே. ஒரு குச்சியும் சில கற்களும் புவியியலையும் நாட்டு வரலாற்றையும் சேர்த்துக் கற்பித்துவிடுகின்றன.

பள்ளியில் இதற்கு நேரம் உண்டா?

ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கான யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. அந்த இடத்தை இன்னொரு பயிற்சி நூலால் நிரப்ப வேண்டாம். பிள்ளைகளின் கேள்விகளுக்குக் கொடுப்போம்.

எல்லா விடையும் பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. “எனக்கும் தெரியாது, வா, சேர்ந்து பார்ப்போம்” என்று சொன்னால் போதும். அடுத்த முறை பிள்ளை ‘ஏன்’ என்று கேட்கும்போது, “பேசாமல் படி” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.