மூச்சு வாங்க மேலே வரும் விரால்

திருத்தணிப் பக்கம் மீன் கடையில் தொட்டித் தண்ணீரில் நெளியும் மீனைக் காட்டி விலை கேட்டால் ஒருவர் விரால் என்பார், பக்கத்தில் நிற்பவர் தெலுங்கில் கொர்ரமீனு என்பார். 1960 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் இது.

ஏரியில் அதை எப்படிப் பிடிப்பது என்று கேட்டீர்கள். ஒரு டீயில் முடியாது, இன்னொன்று சொல்லிக்கொள்வோம். முதலில் அதன் மூச்சைப் புரிந்துகொள்ள வேண்டும். கெண்டைக்குச் செவுள் போதும், விராலுக்குப் போதாது. செவுளுக்கு மேலே, தலைக்குள், காற்றை வாங்கி வைக்கத் தனி அறை உண்டு. அடிக்கடி மேலே வந்து வாய் திறந்து காற்றை விழுங்கியே ஆக வேண்டும். வலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துவிடும். கோடையில் சேற்றுக்குள் புதைந்து தாங்குவதும், கடைத் தொட்டியில் ஒரு சாண் தண்ணீரில் உயிரோடு கிடப்பதும் அந்த அறையால்தான்.

அதனால் விரால் தேடுகிறவர் கண் தண்ணீரின் மேல்மட்டத்தில்தான் இருக்கும். வெயில் ஏறுமுன், ஆகாயத்தாமரைக்கும் கோரைக்கும் நடுவில் ‘ளொப்’ என்று ஒரு சத்தம், ஒரு குமிழி. தூண்டில் தவளை அங்கே போய் விழ வேண்டும். முன்பு உயிர்த் தவளையை முள்ளில் மாட்டுவார்கள். இப்போது ரப்பர் தவளை வந்துவிட்டது, அதுவே நல்லது. தண்ணீர் வெடித்தவுடன் சுண்டிவிடாதீர்கள். கவ்வியதை உள்ளே இழுக்க அதற்கு ஒரு நொடி கொடுங்கள். தூண்டில் நரம்பு தடிமனாக இருக்கட்டும், மாட்டியதும் நேரே கொடிக்குள்தான் பாயும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். மழைக்காலத்தில், ஆந்திரப் பக்கம் அணை திறந்து கொசஸ்தலையாறு பூண்டிக்கு ஓடும் நாட்களில், விரால் ஜோடி செடிகளை விலக்கி வட்டமாக இடம் செய்து முட்டையிடும். மிதக்கும் முட்டைகள் ஓரிரு நாளில் பொரியும். செம்மஞ்சள் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் திரண்டு, தூறல் விழுவதுபோல் நீர்ப்பரப்பைச் சலசலக்க வைத்துக்கொண்டு நகரும். அடியில் தாயோ தகப்பனோ, பெரும்பாலும் தகப்பன், வாரக்கணக்கில் காவல் நிற்கும். அந்தத் திரளுக்குள் தவளையைப் போட்டால் பசி இல்லாவிட்டாலும் பாய்ந்து கவ்வும், குஞ்சுகளைத் தின்ன வந்தது என்று எண்ணி. ஏரியிலேயே சுலபமாக மாட்டும் மீன் அதுதான். அதைத் தொடாதீர்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன். காவல் போன குஞ்சுகளைக் கெளுத்தியும் கொக்கும் தின்று தீர்த்துவிடும்.

விரால் இனத்திலேயே, வாலடியில் கண்போல் பொட்டுள்ள பூவிரால் ஒரு மீட்டருக்கு மேலும் வளரும். அமெரிக்காவின் புளோரிடாவில் அதன் நெருங்கிய உறவு ஒன்று வெளியிலிருந்து வந்து பெருகிய மீன், பிடித்தால் உயிரோடு திரும்ப விடாதீர்கள் என்கிறார்கள். இங்கே பூவிரால் நம் சொந்த மீன், நம் ஏரிகளில் அது குறைவதுதான் கவலை.

பங்குனி, சித்திரையில் வாருங்கள். தண்ணீர் வற்றி, குஞ்சுகள் வளர்ந்து பிரிந்து போயிருக்கும். அதற்கு முன், ஏரியை மீன்பாசி குத்தகைக்கு எடுத்தவர் யாரென்று ஊரில் விசாரித்து ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.