முக்குழாய் ஒளியெறி கருவியும் சாம்பல் நிறமும்

1861 ஆம் ஆண்டு மே மாதம் 17 ஆந் திகதி, இலண்டன் றோயல் இன்ஸ்ரிரியூஷனிலே, ஜேம்ஸ் கிளாக் மக்ஸ்வெல் என்னும் பௌதிக அறிஞர் மூன்று படவிளக்குகளை ஒரே திரையை நோக்கி நிறுத்தினார். பலநிற நாடாவொன்றைச் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறவடிகளினூடாகத் தனித்தனியே பிடித்த படங்களை, மீண்டும் அவ்வந் நிறவடியினூடாக ஒன்றன்மேலொன்று விழச்செய்தபோது, நாடா தன் நிறங்களோடு திரையிலே தோன்றிற்று. 1980களிலும் 1990களிலும் சோனி, பார்க்கோ முதலிய கம்பனிகள் செய்து விற்ற முக்குழாய் ஒளியெறி கருவி அம்மூன்று விளக்குகளின் வழித்தோன்றலேயாம். விளக்குகளுக்குப் பதிலாக அதில் மூன்று கதோட்டுக் கதிர்க் குழாய்கள் உள. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்திற்கு உரியது. இலத்திரன் கற்றை நின்றவிடத்து ஒளியும் நின்றுவிடுமாதலின், அது காட்டும் இருள் மெய்யான இருள். இதன் பொருட்டே, செய்வது நின்றுபோன பின்னும் சிலர் இக்கருவியை இன்றுங் கைவிடாதிருக்கின்றனர்.

இதனைச் செப்பஞ்செய்யப் புகுவோர் பலர் அழகிய வண்ணக் காட்சியொன்றை ஓடவிட்டு, அது கண்ணுக்கு இனிதாகும்வரை திருகிகளைத் திருப்புவர். இம்முறை பயன்படாது. பச்சை வயலிற் சிறிது பச்சை மிகுந்தால் யார் அறிவார்? நிறமேயில்லாத சாம்பல் நிறத்திற் சிறிது பச்சை கலந்தாலோ, உடனே புலப்படும். ஆகவே கறுப்பு முதல் வெள்ளை ஈறாகப் படிப்படியாக ஏறும் சாம்பல் வரிசையே இக்கருவிக்கு உரைகல். எந்த வெள்ளையை நாடுவது என்பதும் முன்னரே வரையறுக்கப்பட்டுள்ளது. டி65 எனப்படும் பகலொளி வெள்ளை, ஏறத்தாழ 6500 கெல்வின் நிறவெப்பநிலையுடையது; நிறவரைபடத்தில் அதன் இடம் 0.3127, 0.3290. உயர்தெளிவுத் தொலைக்காட்சிக்கான நியமப்படி, இவ்வெள்ளையின் பிரகாசத்திற் பச்சையின் பங்கு நூற்றுக்கு 72, சிவப்பின் பங்கு 21, நீலத்தின் பங்கு 7 மாத்திரமே. அந்த ஏழு குறைந்தாற் படம் முழுவதும் மஞ்சள் பாரிக்கும்.

கண்ணை மட்டும் நம்பலாகாது. மாலையில் மஞ்சள் விளக்கின்கீழ் வெண்தாளை வெண்தாளென்றே காண்கிறோமன்றோ? அவ்வாறே பிழைபட்ட வெள்ளைக்கும் கண் சில நிமிடங்களிற் பழகிவிடும். நிறமானியொன்றைத் திரைக்கு நேரே நிறுத்தி அளப்பதே தக்கது. வில்லைகளும் திரையும் நிறத்தைச் சிறிது மாற்றுமாதலால் அவற்றைக் கடந்து வரும் ஒளியையே அளத்தல் வேண்டும்.

தொடங்குமுன் கருவியை அரைமணி நேரமாவது எரியவிடுக. மூன்று படங்களும் பிசகின்றிப் பொருந்துவதையும் குவிவையும் முதலிற் சரிசெய்க. பின்பு அறையை இருட்டாக்கி, கறுப்புச் சமிக்ஞையைக் கொடுத்து, ஒவ்வொரு குழாயிலும் ஜி2 எனப்படும் திரைநெய்யரி அழுத்தத்தை மெல்லிய ஒளிர்வு தோன்றும்வரை உயர்த்தி, அது மறையும் அளவுக்குத் தாழ்த்துக.

இனி வருவதே வேலையின் உயிர்நிலை. ஒவ்வொரு நிறத்திற்கும் இரு திருகிகள் உண்டு. 'பயஸ்' என்பது இலத்திரன் கற்றை எவ்விடத்திற் பிறக்கத் தொடங்கும் என்பதை நிர்ணயிக்கும். 'கெயின்' என்பது சமிக்ஞையை எத்தனை மடங்காகப் பெருக்குவது என்பதை நிர்ணயிக்கும். குழாயின் ஒளி சமிக்ஞைக்கு நேர்விகிதமாக உயர்வதில்லை. சமிக்ஞை பாதியாகும்போது ஒளி ஏறத்தாழ ஐந்திலொன்றாகி விடுகின்றது. ஆதலின் பயஸில் ஒரு சிறு மாற்றம் இருண்ட பகுதியைப் பெரிதும், ஒளிமிக்க பகுதியைச் சிறிதும் தாக்கும். கெயினோ ஒளிமிக்க பகுதியிலேயே பெரும்பாலும் வேலை செய்யும். நூற்றுக்கு 30 அளவான சாம்பற் கட்டத்தைக் காட்டிப் பயஸையும், 80 அளவான கட்டத்தைக் காட்டிக் கெயினையும் திருத்துக. ஒன்றைத் தொட்டால் மற்றையது சிறிது விலகுமாகையால், இரண்டு கட்டங்களுக்கும் மாறிமாறி நாலைந்து முறை செல்லல் வேண்டும். இங்கே பொறுமை இழந்தோரே பலர். பச்சையைத் தொடாது விட்டு, சிவப்பையும் நீலத்தையும் அதற்கு இசைவிப்பது எமக்கு எளிதாகத் தோன்றுகின்றது. மிக இருண்ட படிகளில் மலிவான மானிகள் தடுமாறும். அங்கே மட்டும், இருளுக்குப் பழகிய கண்ணாற் சாம்பல் வரிசையைப் பார்த்து முடிவு செய்யலாம்.

இவ்வளவும் செய்த பின்னரும் ஒரு குறை எஞ்சும். 30 இலும் 80 இலும் பழுதற நின்ற சாம்பல், முழு வெள்ளையில் மஞ்சளாகிவிடும். குற்றம் நீலக் குழாயினது. அதன் பூச்சு வெள்ளி சிறிதளவு சேர்ந்த நாகசல்பைட்டு. மின்னோட்டம் மிகும்போது ஏனைய இரண்டையும் போல ஈடுகொடுத்து ஒளிராது களைத்துவிடும். நீலத்தின் கெயினை உயர்த்தி இதனை ஈடுசெய்ய முயல்வது பெருந் தவறு என்பது எமது துணிபு. அவ்வாறு செய்தால் நடுப்படிகளெல்லாம் நீலம் பாரிக்கும். பூச்சும் விரைவிலே தேயும். தேய்ந்த குழாய்க்குப் புதிய குழாய் எங்கே பெறுவது?

தக்க பரிகாரம் வேறு. நீலக் குழாயின் மின்குவிவை மட்டும் அணுவளவு தளர்த்துக. இலத்திரன் புள்ளி சற்று அகலும்போது, பூச்சின் ஒவ்வொரு துகளின் மேலும் விழும் மின்னோட்டம் குறைகின்றது. குறையவே ஒளி மிகுகின்றது. நுண்ணிய விவரங்களை நீலத்திற் காணும் ஆற்றல் மனிதக் கண்ணுக்கு மிகக் குறைவாதலின், படத்தின் தெளிவு கெட்டதாக எவரும் உணரார். சில கருவிகளில் இதற்கெனவே நீல வளைகோட்டைத் திருத்தும் சுற்றொன்றும் உண்டு. இவையும் போதாவிடின் மூன்று குழாய்களுக்கும் பொதுவான கொன்றாஸ்றைத் தாழ்த்துதலே வழி. பல்லாயிரம் மணிநேரம் உழைத்த குழாய் மூன்றில் எது மிக நலிந்ததோ அதன் வலிமையே படத்தின் பிரகாசத்திற்கு எல்லை. சற்று மங்கிய, நிறப்பிழையற்ற படத்தையே நாம் தெரிந்தெடுப்போம். பிரகாசத்தை விரும்புவோர் இதற்கு உடன்படார்.

வேலை முடிந்ததும் திருகிகளின் எண்களைத் திகதியோடு கொப்பியொன்றிற் குறித்து வைக்க. சில நூறு மணிநேரத்தின் பின் மீண்டும் அளக்கையில், எந்தக் குழாய் எவ்வளவு தளர்ந்துள்ளது என்பதை அவ்வெண்களே காட்டும்.